ஏழரைக்கு அணையும் லைட்

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை குலசிங்கத்தைச் சோற்றுக் கோப்பையோடு இருட்டுக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நாலைந்து பேர் கோபித்துக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன செய்ய? அந்த மனுசனை இருட்டில் விட்டது நானா? அவர் வீட்டுக் கூரையில் கிடக்கிற தகட்டைக் கேளுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கப்பல்துறையில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையில் குலசிங்கம் வீடு. மனுசன் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்கக் கந்தோரில், இருபத்தாறு வருடமாகப் பியோன். சண்டை தொடங்குவதற்கு முன்பே வருகிறது வருகிறது என்று சொன்ன மின்கம்பம், இந்த இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆவணி வரைக்கும் வந்து சேரவில்லை. சமாதானம் என்று ஒரு பெயர் வைத்து வெடிச்சத்தம் கொஞ்சம் ஓய்ந்ததும் கம்பெனிக்காரர்தான் வந்தார்கள். கூரைக்கு ஒரு சோலர் தகடு, வீட்டுக்குள் ஒரு பெரிய பற்றறி, மூன்று ரியூப் லைட். ஒழுங்கையிலேயே முதலாவதாகப் பூட்டியவர் குலசிங்கம்தான்.

இரவு பத்து மணிவரை எரியும் என்றார்கள். ஏழரைக்கு அணைந்தது. முதல் நாள் ஏதோ பிழை என்று நினைத்தார்கள். இரண்டாம் நாளும் ஏழரை. ஒரு மாதமாக, கோயில் மணி மாதிரி, ஏழரை.

அணைந்தால் அணையட்டும், குப்பி விளக்கு இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். அந்த வீட்டில் அது லேசான கதை இல்லை. ஒரே மகள் கமலேஸ்வரிக்குப் பதினொரு வயதில், ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில், நிலத்தில் இருந்த குப்பி விளக்கில் பாவாடை தட்டுப்பட்டு மண்ணெண்ணெய் சிந்திப் பற்றிக்கொண்டது. இடது கை, தோளிலிருந்து முழங்கை வரை, இன்றைக்கும் சுருங்கித்தான் கிடக்கிறது. இப்போது வயது இருபத்தொன்று. தையல் நன்றாகத் தைப்பாள். ஆனால் நெருப்பு எரிகிற அறையில் அவளால் இருக்க முடியாது. ஏழரைக்கு லைட் போய், தாய் புஸ்பராணி குப்பி விளக்கைக் கொளுத்தினால், இவள் எழுந்து வெளியே போய்க் கிணற்றுக்கட்டில் குந்திவிடுவாள்.

வியாழக்கிழமை இரவு அவள் சொல்லிவிட்டாள்.

“சனிக்கிழமை நான் உப்புவெளிக்குப் போறன். பெரியம்மா வீட்டில கறண்ட் இருக்கு. இனி அங்கயே இருந்து தைக்கப் போறன்.”

குலசிங்கத்தின் கையிலிருந்த சோற்றுக் கோப்பை அப்படியே நின்றது. அங்கேதான் போன கிழமை விட்டோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குலசிங்கம் லீவுக் கடிதம் எழுதி, பக்கத்து வீட்டு ரபீக்காவின் புருசனிடம் கொடுத்தனுப்பினார். லீவு எடுக்க அவருக்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு. தகட்டை வைத்துப் பார்க்கக் கம்பெனி கொடுத்த ஒரு மாதத் தவணை அன்றோடு முடிகிறது. தகடு வேண்டாம் என்றால் அன்றே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது அவருடையது, ஆயுளுக்கும்.

மற்றது அதைவிட மோசம். ஊருக்குக் கம்பம் நடப் போகிறார்களாம், கிராம அலுவலர் விதானையார் பெயர் எடுக்கிறார். ஆனால் சோலர் வைத்திருக்கிற வீட்டை அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். ‘வெளிச்சம் கிடைத்த குடும்பம்’ என்று ஒரு நிரலில் போட்டுத் தள்ளிவிடுவார்கள். கம்பி வேண்டுமென்றால் தகட்டைக் கைவிட்டதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். வெள்ளி பின்னேரம் நாலு மணி கடைசி.

“வெளிச்சம் கிடைச்ச குடும்பம்!” குலசிங்கம் பல்லுத் தேய்த்துக்கொண்டே கத்தினார். “ஏழரைவரைக்கும் கிடைச்ச குடும்பம் எண்டு எழுதச் சொல்லு!”

“என்னோட ஏன் கத்திறியள்? நானே பட்டியல் எழுதினனான்?” என்றாள் புஸ்பராணி சமையல் குசினிக்குள்ளிருந்து.

கமலேஸ்வரி இரண்டு பேரின் பேச்சிலும் சேரவில்லை. அலுமாரியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் குலசிங்கத்தால் முடியவில்லை. இரண்டு தரம் அந்த அறை வாசலுக்குப் போய், இரண்டு தரமும் திரும்பி வந்தார்.

“வேலன் வரட்டும் பிள்ளை. அவன் வந்து பிழையைக் கண்டுபிடிச்சிட்டா நீ ஏன் போக வேணும்?” என்று மூன்றாம் தரம் கேட்டுவிட்டார்.

“கண்டுபிடிச்சா நான் போகேல்ல அப்பா” என்றாள் அவள். “எனக்கு மட்டும் போக ஆசையே?”

கேட்டீர்களா? போக ஆசைப்படுகிற பிள்ளையே இல்லை. ஒரு வீட்டில் நெருப்பில்லாத வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான் அது கேட்கிறது. கடவுளே என்று சூரியன் கப்பல்துறைக்கு மேலே நெருப்பாய்க் காய்கிறான். கச்சான் காற்று ஒரு மேகத்தைத் தங்க விடுவதில்லை. இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டு ஒரு ரியூப் லைட்டை ஒன்பது மணிவரை எரிக்க முடியவில்லை என்றால் யாருக்குத்தான் விசர் பிடிக்காது?

வேலன் பத்து மணிக்கு வருகிறேன் என்றவன் பன்னிரண்டுக்கு வந்தான். கம்பெனியின் பூட்டுகிற ஆள். நாற்பது வயது, பெரிய மீசை, மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கம் ஏணி, மறு பக்கம் கறுப்புப் பை.

“பத்து மணி எண்டு சொன்னனீர்” என்றார் குலசிங்கம்.

“சோதனைச்சாவடியில பையைக் கொட்டிக் கிளறிப்போட்டாங்கள் அண்ணை. வயரைக் கண்டா அவங்களுக்குப் பயம், அவங்களைக் கண்டா எனக்குப் பயம்.”

வேலன் சுவரில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தான். அதில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வெயில் உள்ளே வந்து பற்றறியில் ஏறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு மீற்றரை எடுத்து வயரில் வைத்தான். முகத்தைச் சுளித்தான். மறுபடி வைத்தான்.

“என்ன?” குலசிங்கம் எட்டிப் பார்த்தார். “பிழை தெரியுதே?”

“பிழை இல்லையே அண்ணை. சோக்கா ஏறுது. நான் கம்பெனியில வைச்சுப் பாத்தாலும் இவ்வளவுதான் காட்டும்.”

“அப்ப ஏன் காணும் ஏழரைக்கு அணையுது?”

வேலன் ஏணியை வைத்துக் கூரையில் ஏறினான். உச்சி வெயில் தலையைப் பிளந்தது. தகட்டைத் துடைத்தான், வயர் முடிச்சுகளை ஆட்டிப் பார்த்தான். ஓட்டு முகட்டில், ஒழுங்கைப் பக்கமாக, ஓர் ஆள் உயரத்தில் வெருளி ஒன்று நின்றது. வைக்கோல் திணித்த பழைய சட்டை, இரண்டு பக்கமும் விரித்த தடிக் கை, தலைக்குச் சுண்ணாம்புப் புள்ளி குத்திய கறிச்சட்டி. தகடு பூட்டிய அன்றே, ஒழுங்கைச் சனம் எல்லாம் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, கண்ணூறு பட்டுவிடும் என்று கட்டியது. புஸ்பராணி சட்டை கொடுத்தாள், கமலேஸ்வரி புள்ளி குத்தினாள், குலசிங்கம் தானே ஏறிக் கட்டினார்.

“வெருளி நல்லாத்தான் இருக்கு” என்று வேலன் மேலே நின்று சிரித்தான். “எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான் ஒண்டு.”

இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு அவன் சொன்ன தீர்ப்பு இதுதான்.

“காலமை பத்து மணிவரைக்கும் கிழக்குப் பக்கத்துத் தென்னை மறைக்குது. அது எனக்கு முந்தியே தெரியும். இந்த வீட்டுக்குப் பின்னேர வெயில்தான் முக்கியம், அது தாராளமா இருக்கு. சாமானில ஒரு பிழையும் இல்லை. நீங்கள்தான் லைட்டைக் கூடப் பாவிக்கிறியள் போல. அக்கா, குசினி லைட்டைப் பகலிலயும் போடுறனீங்களே?”

“பகலில லைட் போட எனக்கென்ன விசரே?” என்றாள் புஸ்பராணி.

“சும்மா கேட்டனான் அக்கா. கோவியாதையுங்கோ.”

தகடு வேண்டுமா, வேண்டாமா என்பதை விதானையாரிடம் எழுதிக் கொடுத்தால் போதும், வேண்டாமென்றால் செவ்வாய்க்கிழமை வந்து கழற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலன் மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

அவன் ஒழுங்கை திரும்பவில்லை, குலசிங்கம் தொடங்கிவிட்டார்.

“கேட்டியே? சாமானில பிழை இல்லையாம். பிழை இந்த வீட்டில இருக்கிற ஆக்களிலயாம். ஆர் பாவிக்கிறது? நான் விடிய வேலைக்குப் போனா பொழுதுபடத்தான் வாறன்.”

“அப்ப நான்தான் ஒளிச்சு வைச்சு எரிக்கிறன், என்ன?”

“எரிக்கிறியோ என்னவோ, ஆர் கண்டது? ஒரு சாமானைப் பாத்துப் பாவிக்க உனக்கு எப்ப தெரிஞ்சிருக்கு? அண்டைக்கு அந்த விளக்கை நிலத்தில வைச்சது ஆர்?”

சொல்லி முடிந்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு வெளிச்சம் வெளியே தெரிந்தால் ஷெல் வரும் என்று ஊரிலே எல்லா வீட்டிலும் விளக்கை நிலத்தில்தான் வைத்தார்கள். “கீழ வை, கீழ வை” என்று கத்தியதும் இவரேதான். அதெல்லாம் தெரிந்தும் பத்து வருடமாக இந்த மனுசன் கோபம் தலைக்கேறும்போது இந்த ஒரு கல்லைத்தான் தூக்கி எறிகிறார். எனக்கு அவர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு அறை கொடுக்கலாம் போல இருக்கிறது.

புஸ்பராணி வேலன் தண்ணீர் குடித்த செம்பை எடுத்துக்கொண்டாள். குசினிக்குள் போய்விட்டாள்.

“அப்பா, போதும்” என்றாள் கமலேஸ்வரி.

குலசிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். சாப்பிடவும் இல்லை. “நான் விதானையாரிட்டப் போறன். இந்தச் சனியனும் வேண்டாம், இதால வாற சண்டையும் வேண்டாம். கம்பம் வரட்டும்.”

“எப்ப வருமாம்?” என்று மகள் கேட்டது அவர் காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரிப் போய்விட்டார்.

மத்தியானம் ஒன்றே முக்கால் இருக்கும். கமலேஸ்வரி மெஷினில் குந்தி, ரபீக்காவின் தங்கச்சிக்குத் தைக்கிற சட்டையின் கைப்பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தாள். போவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். நூல் மாற்ற எழுந்தவள் சுவரைப் பார்த்தாள்.

பச்சைப் புள்ளி இல்லை.

மேகம் வந்துவிட்டதாக்கும் என்று வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். மேகமா? வானம் கழுவித் துடைத்த மாதிரிக் கிடந்தது. முற்றத்து மணல் கால் வைக்க முடியாமல் சுட்டது. உள்ளே ஓடிப் போய்ப் பெட்டியைப் பார்த்தாள், தட்டியும் பார்த்தாள். பச்சை வரவில்லை.

இத்தனை நாளும் பகலில் அந்தப் பெட்டியை யார் பார்த்தது? லைட் எரிகிறபோதும் அணைகிறபோதும்தான் அதன் நினைவு வரும்.

மறுபடி வெளியே வந்து, கிணற்றடிப் பக்கமாகத் தள்ளிப் போய் நின்று கூரையைப் பார்த்தாள். சூரியன் மேற்கே சாய்ந்திருந்தான். முகட்டில் நின்ற வெருளியின் நிழல் நேரே தகட்டின் மேல் விழுந்து கிடந்தது. கறிச்சட்டித் தலை ஒரு மூலையில். விரித்த கை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும்.

“அம்மா!” அவள் கத்திய கத்தலில் ரபீக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “அம்மா, ஓடி வாங்கோ! வெருளி! வெருளியின்ர நிழல்!”

புஸ்பராணி கையில் அகப்பையோடு வந்து பார்த்தாள். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அகப்பை மணலில் விழுந்தது.

“ஐயோ, எங்கட கையால நாங்களே கட்டி வைச்சமே!”

வீட்டு ஏணியைத் தூக்கி மேற்குச் சுவரில் சாத்தினார்கள். தாய் பிடிக்க, மகள் கொக்கத்தடியோடு ஏறினாள். இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. வலது கையால் மட்டும் அந்த நீட்டுத் தடியைச் சமாளித்து, மூன்று தரம் தவறி, நாலாம் தரம் வெருளியின் கழுத்தில் கொக்கியை மாட்டினாள்.

“பாத்து பிள்ளை, பாத்து! விழுந்தாலும் கண்ணூறுதான் எண்டு சொல்லுவாரடி உன்ர கொப்பர்!”

இழுத்தாள். வெருளி ஒரு பக்கம் சாய்ந்து, ஓட்டில் உருண்டு, முற்றத்தில் தொப்பென்று விழுந்தது. சட்டி நாலாய் உடைந்தது.

வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த ரபீக்கா, “ஏன் புள்ள, அந்த வெருளி உனக்கு என்ன செஞ்சது?” என்றாள்.

கமலேஸ்வரி பதில் சொல்ல நிற்கவில்லை. உள்ளே ஓடினாள். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பெட்டியிலேயே கையை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு மாதம்! ஒரு மாதம் முழுக்க, முக்கியம் முக்கியம் என்று வேலன் சொன்ன அந்தப் பின்னேர வெயிலை ஒரு பழைய சட்டையும் கறிச்சட்டியும் குடித்திருக்கின்றன. பூட்டுகிறவனே மேலே ஏறி நின்று அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். அவனும் எங்கள் ஆள்தானே, கண்ணூறுக்கு நிற்கிற வெருளியில் யாராவது குற்றம் பார்ப்பார்களா?

“அம்மா, அப்பா கையெழுத்து வைக்கப் போறார்!”

புஸ்பராணி செருப்பைத் தேடினாள். ஒரு கால் கிடைத்தது. மற்றதற்கு நிற்காமல், வெறுங்காலோடு ஒழுங்கையில் ஓடத் தொடங்கினாள்.

குலசிங்கம் அப்போது விதானையாரின் கந்தோருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். விதானையார் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்கு வந்து கதவைத் திறந்தும் குலசிங்கம் உள்ளே போகவில்லை. முன்னால் வந்தவர்களைப் போக விட்டார். பின்னால் வந்தவர்களையும் போக விட்டார். புஸ்பராணிக்குச் சொன்ன வார்த்தைதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்பதா, கையெழுத்து வைப்பதா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

“குலசிங்கம், என்ன வெளிய நிண்டு காயிறீர்? வாரும்” என்று விதானையாரே கூப்பிட்டார்.

கண்டி வீதியின் மறுகரைக்கு அந்த நேரம்தான் புஸ்பராணி வந்து சேர்ந்தாள். வேப்பமரத்தில் சாய்ந்து நின்ற புருசனின் சைக்கிள் அவளுக்குத் தெரிந்தது. கரியரில் சிவப்பு ரியூப் சுற்றியது, சந்தேகமில்லை. வீதியில் கால் வைத்தாள்.

விசில் ஊதிற்று. சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய் கையைக் குறுக்கே நீட்டினான். துறைமுகப் பக்கமிருந்து வாகனத் தொடர் வருகிறது. அது போய் முடியும்வரை ஒருவரும் வீதியைக் கடக்கக் கூடாது.

“மாத்தயா, ஐயா, ஒரு நிமிசம். அங்க என்ர அவர்!”

அவன் தலையை ஆட்டினான். பெரிய லொறி ஒன்று போனது. பின்னால் இன்னொன்று. பின்னால் பஸ். பின்னால் தண்ணீர் பவுசர். சமாதானம் வந்த பிறகும் இவ்வளவு வாகனம் எங்கேதான் போகிறதோ! இரண்டு லொறிக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் அவள், “இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!” என்று கத்திப் பார்த்தாள். என்ஜின் இரைச்சலில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. இருபது யார் தூரம். நெருப்புத் தாரில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

உள்ளே விதானையார் பேனாவை நீட்டினார்.

“யோசிச்சு வையும். வைச்சா வைச்சதுதான். பேந்து வந்து எனக்குச் சோலர்தான் வேணும் எண்டு நிண்டா நான் ஒண்டும் செய்ய ஏலாது. பட்டியல் திங்கட்கிழமை கச்சேரிக்குப் போகுது.”

“கம்பம் எப்ப ஐயா வரும்?”

“அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் விதானையா இருக்கிறன்?”

குலசிங்கம் சிரிக்கவில்லை. ஏழரை மணி லைட்டை நினைத்தார், மடித்து வைத்த பையை நினைத்தார். எப்படியும் பிள்ளை போகத்தான் போகிறாள், இந்தத் தகடு கிடந்து என்ன, போய் என்ன என்று நினைத்தார். வெளியே லொறிகள் இரைந்து யன்னல் அதிர்ந்தது. கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வீதியைக் கடக்காமல் இந்தக் கரையிலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு பிள்ளையார் கோயில் பக்கம் போய்விட்டார்.

தொடர் முடிந்து புஸ்பராணியைக் கடக்க விட்டபோது மூன்றேகால். வேப்பமரத்தடியில் சைக்கிள் இல்லை. ‘நாலு மணி வரை’ என்று கடதாசி ஒட்டிய கதவில் பூட்டுத் தொங்கியது. விதானையார் எப்போதோ போய்விட்டார். அந்தக் கதவில் ஒரு உதை விட்டாளே, நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“பூட்டியிருக்கு” என்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். “நேரத்தோட பூட்டிப்போட்டுப் போட்டாராக்கும். அப்பா வைச்சிருக்க மாட்டார் பிள்ளை.”

நம்ப விரும்பினார்கள், நம்பினார்கள்.

குலசிங்கம் ஒழுங்கைக்குள் திரும்பியபோது மணி எட்டு. தூரத்திலேயே நின்றுவிட்டார். ஊர் முழுக்க இருட்டு. அவருடைய வீட்டு யன்னலில் மட்டும் வெள்ளை வெளிச்சம்.

எட்டு மணிக்கா? சைக்கிளைச் சாத்தாமலே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

லைட் எரிந்துகொண்டிருந்தது. கமலேஸ்வரி அலுமாரியின் முன்னால் நின்றாள். பையிலிருந்து சட்டைகளை எடுத்துத் திரும்ப உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். தகப்பனைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த சிரிப்பை அவர் எத்தனையோ வருடமாகக் கண்டதில்லை.

“அப்பா, வெருளிதான் அப்பா! பின்னேரம் முழுக்க அதின்ர நிழல் தகட்டில. நான் இழுத்து விழுத்திப்போட்டன். உடனே பச்சை வந்திட்டுது! பாருங்கோ, எட்டு மணி!”

“நான் போகேல்ல” என்றும் சொன்னாள். “பெரியம்மாவுக்கு ஆளிட்டுச் சொல்ல வேணும்.”

புஸ்பராணி குசினி வாசலில் வந்து நின்றாள். மத்தியானத்துக் கோபம் முகத்தில் மிச்சமிருந்தது, ஆனால் குரலில் இல்லை.

“அந்தக் குப்பி விளக்கைக் கிணத்தடிக் கல்லில அடிச்சு உடைச்சுப்போட்டன். இருந்த மண்ணெண்ணெயை ரபீக்காவிட்டக் குடுத்திட்டன். இனி இந்த வீட்டுக்கு அது வேண்டாம். கால் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிட.”

குலசிங்கம் அசையவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தார். விதானையார் இல்லை, பூட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம். செவ்வாய்க்கிழமை வேலன் ஏணியோடு வரும்வரை மூன்று நாள் மகள் சிரித்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

“நான் கையெழுத்து வைச்சிட்டன்” என்றார்.

கமலேஸ்வரி பையிலிருந்து எடுத்த பாவாடையோடு திரும்பினாள்.

“செவ்வாய்க்கிழமை வந்து கழட்டுவினம். பட்டியல் திங்கட்கிழமை போகுதாம். வைச்சா வைச்சதுதானாம்.” மனைவி பக்கம் திரும்பினார். “பிழை என்னிலதான். புஸ்பம், மத்தியானம் சொன்னதும் பிழை. எல்லாம் பிழை.”

பத்து வருடமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. இந்த நேரத்திலா வந்து தொலைய வேண்டும்? புஸ்பராணி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“திங்கட்கிழமை எங்க போகுதாம்?” என்று கேட்டாள்.

“கச்சேரிக்கு.”

“கச்சேரி வாசல்ல விதானைமாரின்ர கட்டுகளை வாங்கி மேல கொண்டுபோறது ஆர்?”

குலசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அவள் என்ன கேட்கிறாள் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பயந்துபோனார்.

“விசர்க் கதை கதையாதை. இருபத்தாறு வருசமா என்னட்ட ஒரு கடதாசி துலைஞ்சதில்லை, புஸ்பம்.”

“துலையாத கடதாசிக்காக ஒருத்தரும் எங்களுக்கு லைட் தரேல்ல” என்றாள் புஸ்பராணி. “பத்து வருசமா இந்தப் பிள்ளை இருட்டில கிணத்துக்கட்டில குந்தியிருந்ததை நான்தான் பாத்தனான். நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ. திங்கட்கிழமைக்கு இன்னும் ரண்டு நாள் கிடக்கு.”

குலசிங்கம் மகளைப் பார்த்தார். வேண்டாம் அப்பா என்று அவளாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார்.

கமலேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பாவாடையை அலுமாரியிலும் வைக்கவில்லை, பைக்குள்ளும் வைக்கவில்லை.